வேலை தேடும் தளம் ஒன்று செய்கிறோம்: ஆட்டிசம் உள்ளவர்களுக்கு எந்த இடத்தில் தடுக்கிறது?

பாளை_டெவலப்பர் (இழையைத் தொடங்கியவர்) · திங்கள், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து நெல்லை, தென்காசி வட்டாரத்து வேலைகளுக்கு மட்டும் ஒரு தளம் செய்து வருகிறோம். கங்கைகொண்டான் சிப்காட் வேலைகள் பெரிய தளங்களிலேயே வந்துவிடும். பேட்டையில் ஓர் அரிசி ஆலைக்குக் கணக்கெழுத ஆள் வேண்டும், டவுனில் ஒரு ஜவுளிக்கடைக்குக் கிடங்கு பார்க்க ஆள் வேண்டும் என்பதெல்லாம் வாட்ஸ்அப்பிலும் கடை வாசல் அட்டையிலும்தான் வருகின்றன. அவற்றை ஓரிடத்தில் சேர்ப்பதுதான் எண்ணம்.

என் சித்தி மகனுக்கு 23 வயது. ஆட்டிசம் உண்டு. பி.காம். முடித்திருக்கிறான். போன வாரம் தளத்தின் மாதிரியை அவனிடம் கொடுத்து, ஒரு வேலைக்கு விண்ணப்பித்துப் பார்க்கச் சொன்னேன். முதல் பக்கத்திலேயே 'கடைசிப் பெயர்' என்ற கட்டத்தில் நின்றுவிட்டான். "எனக்குக் கடைசிப் பெயர் கிடையாது. இனிஷியல்தான் உண்டு. அப்பா பெயரை எழுதினால் அது என் பெயர் ஆகாதே" என்றான். கட்டாயக் கட்டம் என்பதால் விட்டுவிட்டுப் போகவும் வழியில்லை. 40 நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் லேப்டாப்பை மூடிவிட்டு மாடிக்குப் போய்விட்டான்.

அவன் சொன்னதில் ஒரு தவறும் இல்லை. நம் ஊரில் யாருக்கு ஐயா கடைசிப் பெயர் இருக்கிறது? நாமெல்லாம் எதையோ இட்டு நிரப்பிப் பழகிவிட்டோம். வெளிநாட்டு டெம்ப்ளேட் ஒன்றிலிருந்து நான் யோசிக்காமல் எடுத்துப் போட்ட கட்டம் அது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நிறம், எழுத்துரு பற்றி இணையத்தில் நிறையக் கிடைக்கிறது. பிரிட்டன் உள்துறை அமைச்சகத்தின் வடிவமைப்புச் சுவரொட்டியையும் பார்த்தேன். கண்ணை உறுத்தாத நிறம், எளிய மொழி, சிறு வாக்கியம், என்ன செய்யும் என்பதைச் சொல்லும் பட்டன், பக்கத்துக்குப் பக்கம் மாறாத அமைப்பு என்று அழகாகச் சொல்லியிருக்கிறார்கள். அதையெல்லாம் செய்துவிட்டோம். செய்தும் அவன் நின்றுவிட்டான். நான் எதைப் பார்க்கத் தவறுகிறேன்? ஆட்டிசம் உள்ளவர்கள், வீட்டில் இருப்பவர்கள், வேலை கொடுப்பவர்கள் எல்லோரும் சொல்லுங்கள்.

---

அம்பை_அக்கா · திங்கள், இரவு 10.25

தம்பி, முதலில் உங்கள் சித்தி மகனிடம் போய் "தப்பு உன்னுடையது இல்லை, என்னுடையது" என்று சொல்லிவிடுங்கள். எங்கள் பிள்ளைகள் அதை அடிக்கடி கேட்பதில்லை.

என் மகளுக்கு 19 வயது. பேச்சு மிகக் குறைவு. ஆவாஸ் செயலியில் படத்தைத் தொட்டும் தட்டச்சு செய்தும் சொல்லுவாள். அவளுக்குத் தடை போன் நம்பர். எல்லாத் தளமும் போன் நம்பர் கேட்கிறது. கொடுத்தால் நேரம் காலம் இல்லாமல் அழைப்பு வருகிறது. அவள் எடுக்க மாட்டாள், நான் எடுத்தால் "அவங்ககிட்ட குடுங்க" என்கிறார்கள். கொடுக்க முடியாது என்றதும் வைத்துவிடுகிறார்கள். அவள் மெசேஜில் எழுதினால் எவ்வளவு தெளிவாக எழுதுவாள் என்பது அவர்களுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை.

அப்புறம் ஓ.டி.பி. 30, 29, 28 என்று எண் குறைந்துகொண்டே வருவதைப் பார்த்தால் அவளுக்குக் கை நடுங்கும்.

---

வீரவநல்லூர்_வாசகன் · செவ்வாய், காலை 6.10

நீளமாக எழுதுகிறேன். எனக்கு அப்படித்தான் வரும்.

எனக்கு 27 வயது. ஆட்டிசம் என்று தெரிந்தது 24 வயதில். அதற்கு முன்னால் 'ஒரு மாதிரியான பையன்' என்றுதான் பெயர். அரசுத் தாள்களில் 'புற உலகச் சிந்தனையற்ற மதியிறுக்கம்' என்று எழுதுகிறார்கள். புற உலகத்தைப் பற்றி நான் சிந்திக்காத நாள் இல்லை. ஆகவே ஆட்டிசம் என்றே எழுதுகிறேன். உங்கள் தளத்திலும் அப்படியே எழுதுங்கள்.

நீங்கள் பார்க்கத் தவறுவது என்னவென்று கேட்டீர்கள். நிறத்தைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். என்னைத் தடுப்பது, சொல்லாமல் விடப்படும் விஷயம். மற்றவர்கள் 'இதுவாகத்தான் இருக்கும்' என்று ஊகித்துக்கொண்டு தாண்டிப் போகும் இடத்தில் எனக்குப் படி இல்லை. கடைசிப் பெயர் கட்டம் அப்படி ஓர் இடம். இன்னும் இருக்கின்றன.

'அனுபவம் எத்தனை வருடம்?' மாமாவின் நாற்றங்காலில் 7 மாதம் வேலை செய்தேன், சம்பளம் வாங்கவில்லை. அது அனுபவமா? 0 என்று போட்டால் பொய். 1 என்று போட்டாலும் பொய். 'உங்கள் கணினித் திறனுக்கு 5க்கு எவ்வளவு?' யாரோடு ஒப்பிட்டு? 'எதிர்பார்க்கும் சம்பளம்' என்றால் எனக்குத் தேவையான தொகையா, அவர்கள் கொடுக்கக்கூடிய தொகையா? ஒவ்வொரு கட்டத்துக்குக் கீழும் ஒரு வரி, ஓர் உதாரணம் போதும். 'சம்பளம் இல்லாமல் வீட்டுத் தொழிலில் செய்த வேலையையும் சேர்க்கலாம். மாதக் கணக்கில் எழுதுங்கள்.' இப்படி இருந்தால் நான் ஒரு நிமிடத்தில் தாண்டிவிடுவேன்.

விண்ணப்பம் அனுப்பிய பிறகு வருவதுதான் மிகப் பெரிய தடை. இரண்டு வருடத்துக்கு முன் ஓரிடத்தில் விண்ணப்பித்தேன். 'நன்றி. விரைவில் தொடர்பு கொள்வோம்' என்று திரையில் வந்தது. விரைவில் என்றால் எப்போது என்று தெரியாது. மூன்று நாள் போனைக் கையிலிருந்து வைக்கவில்லை. குளிக்கும்போது அம்மாவை வைத்திருக்கச் சொன்னேன். நாலாம் நாள் காய்ச்சல் வந்தது. இன்றுவரை அழைப்பு வரவில்லை. அது ஒரு பேச்சுக்குச் சொல்லும் வார்த்தை என்று அண்ணன் அப்புறம் விளக்கினான். எல்லோருக்கும் தெரிந்திருந்த அது எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு முறை டவுன் ரத வீதியில் ஒரு கடைக்கு நேர்காணலுக்கு வரச் சொன்னார்கள். தேதி மட்டும் சொன்னார்கள். அன்று ஆனித் தேரோட்டம். ரத வீதிக்குள் பஸ் போகாது. மேளம், வேட்டு, நெருக்கும் கூட்டம். காதைப் பொத்திக்கொண்டு பாதி வழியில் திரும்பிவிட்டேன். 'வராதவர்' என்று குறித்துக்கொண்டார்கள். வேறு தேதி கேட்க ஒரு பட்டன் இருந்திருந்தால் முதல் நாளே கேட்டிருப்பேன்.

கடைசியாக ஒன்று. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு என்று தனிப் பக்கம் போட்டு அதில் டேட்டா என்ட்ரி வேலையாக அடுக்க வேண்டாம். நான் கணக்கு நன்றாகப் போடுவேன், ஆனால் எனக்கு நாற்றங்காலில்தான் வேலை செய்ய வேண்டும். எல்லோருக்கும் உள்ள தளமே எனக்கும் புரிந்தால் போதும்.

---

தென்காசி_சோதனையாளர் · செவ்வாய், பகல் 1.15

இணையதளங்களைச் சோதிப்பதுதான் என் வேலை. சென்னையில் இருக்கிறேன். வாசகன் எழுதியதைப் படித்துவிட்டு அலுவலகத்தில் எல்லோருக்கும் அனுப்பினேன்.

விதிகளைப் பற்றிச் சொல்கிறேன். இணையத்துக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, தளங்களை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி செய்ய வெளியிட்ட டபிள்யூ.சி.ஏ.ஜி. என்ற வழிகாட்டிதான் உலகம் முழுக்க அடிப்படை. அதன் 2.2 பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது. அம்பை அக்கா சொன்ன ஓடும் கடிகாரத்துக்கு அதில் விடை இருக்கிறது: பக்கத்துக்குக் கெடு வைத்தால் அதை நீக்கவோ கூட்டவோ வழி வேண்டும், இல்லையென்றால் கெடு முடியும் முன் எச்சரித்து நீட்டித்துக்கொள்ளக் குறைந்தது 20 நொடி தர வேண்டும். பாதுகாப்புக்காகச் சில விலக்குகள் உண்டு, ஆனால் எண் குறைவதைக் கண்முன் ஓட்டிக் காட்ட எந்த விதியும் சொல்லவில்லை. தானாகத் தொடங்கி 5 நொடிக்கு மேல் நகரும் விளம்பரப் படத்தை நிறுத்த வழி வேண்டும். 2.2இல் புதிதாக வந்தவை இன்னும் பயனுள்ளவை. ஒரு முறை கொடுத்த விவரத்தை அதே விண்ணப்பத்தில் மறுபடி தட்டச்சு செய்யச் சொல்லக் கூடாது. உதவி கேட்கும் இடம் எல்லாப் பக்கத்திலும் ஒரே வரிசையில் இருக்க வேண்டும். உள்ளே நுழைய நினைவாற்றல் சோதனையோ புதிரோ மட்டுமே வழியாக இருக்கக் கூடாது. போனிலேயே 'அசைவைக் குறை' என்ற அமைப்பு இருக்கிறது. அதை ஒருவர் போட்டிருந்தால் உங்கள் தளம் அதை மதிக்க வேண்டும். சில வரி நிரல்தான்.

இது தவிர, அறிவாற்றல் சார்ந்த தடைகளுக்கென்றே டபிள்யூ3சி 2021இல் ஒரு தனி ஆவணம் வெளியிட்டது. விதியாக இல்லாமல் யோசனையாகத்தான் இருக்கிறது, ஆனால் உங்கள் வேலைக்கு அதுதான் நெருக்கம்.

சட்டப் பக்கத்திலும் காற்று மாறுகிறது. ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்றவர் ஒருவரும் தொடுத்த வழக்கில், இணையச் சேவைகளை அணுகுவது வாழும் உரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வங்கியில் அடையாளம் சரிபார்ப்பது பற்றிய வழக்கு அது. ஆனால் சொன்ன அடிப்படை எல்லா இணையச் சேவைக்கும் பொருந்தும் என்பது என் எண்ணம்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். 'கடைசிப் பெயர்' கட்டம் இந்தச் சோதனைகள் அத்தனையிலும் தேறிவிடும். கட்டத்துக்குப் பெயர் இருக்கிறதா என்றுதான் கருவி பார்க்கும். அந்தப் பெயருக்கு நம் ஊரில் பொருள் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. உட்கார்ந்து பார்த்த ஒரு மனிதருக்குத்தான் தெரிந்தது.

---

அச்சக_அண்ணாச்சி · செவ்வாய், இரவு 8.50

சமாதானபுரத்தில் 22 வருடமாக அச்சகம் வைத்திருக்கிறேன். படிக்கப் படிக்க மனது கனத்துவிட்டது. ஆனாலும் எங்கள் பக்கமும் சொல்ல வேண்டும். எனக்கு ஆள் வேண்டும் என்றால் நாலு வரி எழுதத்தான் நேரம் இருக்கிறது. இவ்வளவு விவரம் கேட்டால் சின்னக் கடைக்காரன் எவனும் உங்கள் தளத்துக்கு வர மாட்டான் தம்பி. இதுதான் நான் போன மாதம் வாட்ஸ்அப்பில் போட்டது:

'அச்சகத்துக்கு உடனடியாக ஆள் தேவை. நல்ல பேச்சுத்திறன், சுறுசுறுப்பு, எந்த வேலையும் செய்யும் மனப்பான்மை வேண்டும். அனுபவம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை. சம்பளம் தகுதிக்கேற்ப. நேரில் வரவும்.'

இதில் என்ன குறை? உண்மையாகவே கேட்கிறேன், சொல்லுங்கள்.

---

வீரவநல்லூர்_வாசகன் · புதன், காலை 5.55

அண்ணாச்சி, கேட்டதற்கு நன்றி. நான் இதைப் படித்தால் விண்ணப்பிக்க மாட்டேன். காரணம் சொல்கிறேன்.

பேச்சுத்திறன்: எனக்குப் புதியவர்களிடம் பேச வராது. இந்தச் சொல்லைப் பார்த்ததும் மூடிவிடுவேன். உங்கள் ஆள் யாரிடம் பேச வேண்டும்? கல்யாணப் பத்திரிகை அடிக்க வரும் வீட்டார்களிடமா? அல்லது உள்ளே உட்கார்ந்து புரூஃப் பார்க்கிறவரா?

எந்த வேலையும்: எந்த வேலை? இயந்திரம் ஓட்டுவதா, டீ வாங்குவதா, பைண்டிங்கா?

தகுதிக்கேற்ப: என் தகுதிக்கு எவ்வளவு என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நேரில் வரவும்: எந்த நாள், எத்தனை மணிக்கு, யாரைப் பார்க்க? வந்தால் என்ன கேட்பீர்கள்? எவ்வளவு நேரம் ஆகும்?

உடனடியாக: இன்றா?

---

அச்சக_அண்ணாச்சி · புதன், இரவு 9.30

தம்பி, உங்கள் கேள்விகளை ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். பேச்சுத்திறன் எனக்கு வேண்டவே வேண்டாம். கவுண்டரில் நானும் என் வீட்டம்மாவும் இருக்கிறோம். எல்லோரும் எழுதுகிறார்கள் என்று நானும் எழுதிவிட்டேன். மாற்றி எழுதியிருக்கிறேன், பாருங்கள்:

'வேலை: கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம் ஆகியவற்றுக்குப் புரூஃப் பார்ப்பது. அச்சான தாள்களை எண்ணி 100 வீதம் கட்டுவது. வாடிக்கையாளர்களிடம் பேச வேண்டியதில்லை. தமிழ் பிழையில்லாமல் படிக்கத் தெரிய வேண்டும். அனுபவம் தேவையில்லை, இரண்டு வாரம் சொல்லித் தருவோம். காலை 9.30 முதல் மாலை 6.30. மதியம் 1 முதல் 2 வரை சாப்பாடு. ஞாயிறு விடுமுறை. முகூர்த்த மாதங்களில் சில நாள் இரவு 8 ஆகும், முந்தின நாளே சொல்லிவிடுவோம். சம்பளம் மாதம் 13,000. ஆப்செட் இயந்திரம் பக்கத்து அறையில் ஓடும், சத்தம் கேட்கும், காதடைப்பான் போட்டுக்கொள்ளலாம். மை வாடையும் மண்ணெண்ணெய் வாடையும் இருக்கும். நேர்காணல்: புதன் அல்லது வியாழன் காலை 11 மணி, அரை மணி நேரம். ஒரு பத்திரிகை புரூஃப் கொடுத்துப் பிழை பார்க்கச் சொல்வேன். வேறு தேர்வு இல்லை. மெசேஜில் பேசலாம்.'

எழுத 20 நிமிடம் ஆனது. ஒன்று சொல்கிறேன். போன மாதம் பழைய விளம்பரத்தைப் பார்த்து 14 பேர் வந்தார்கள். மை வாடை ஆகவில்லை என்று 5 பேர் வாசலோடு போனார்கள். சம்பளம் கேட்டுவிட்டு 6 பேர் போனார்கள். இதை முதலிலேயே எழுதியிருந்தால் அவர்களுக்கும் பஸ் காசு மிச்சம், எனக்கும் இரண்டு நாள் மிச்சம்.

---

பாளை_டெவலப்பர் · புதன், இரவு 10.05

அண்ணாச்சி, உங்கள் இரண்டாவது விளம்பரம்தான் இனி எங்கள் படிவம். காலிக் கட்டம் கொடுத்து 'விவரம் எழுதுக' என்று விட்டதால்தான் எல்லோரும் 'சுறுசுறுப்பு' எழுதுகிறார்கள். இனி கேள்வியாகக் கேட்கப் போகிறோம். வாடிக்கையாளரிடம் பேச வேண்டுமா? என்ன சத்தம், என்ன வாடை? சாப்பாட்டு நேரம் எப்போது? நேர்காணலில் என்ன செய்யச் சொல்வீர்கள்? பெரும்பாலானவற்றுக்குத் தொட்டால் போதும், எழுத வேண்டாம். சம்பளக் கட்டம் காலியாக இருந்தால் விளம்பரம் வெளியாகாது. இதில் எனக்கு நண்பர்களோடு சண்டையே வந்தது. நான் விடுவதாக இல்லை.

இன்னொரு கேள்வி. விண்ணப்பத்தில் 'உங்களுக்கு ஆட்டிசம் உண்டா?' என்று கேட்கலாமா?

---

சிறப்பாசிரியர்_பேட்டை · வியாழன், காலை 7.20

கேட்காதீர்கள் என்பது என் எண்ணம். இது ஆளுக்கு ஆள் மாறுபடும், ஆகவே காரணத்தையும் சொல்கிறேன்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் ஆட்டிசத்தை 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்தது. 1995ஆம் வருடச் சட்டத்தில் அது இல்லவே இல்லை. அரசு வேலைகளில் 4 சதவீத ஒதுக்கீடு. அதில் 1 சதவீதம் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லாம் சேர்ந்த பிரிவுக்கு. அதற்கு 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு என்று சான்றிதழ் வேண்டும். அரசு வேலைக்கு விண்ணப்பித்து ஒதுக்கீடு கேட்கும்போது சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு தனியார் அச்சகத்துக்கு, ஜவுளிக்கடைக்கு விண்ணப்பிக்கிற கட்டத்திலேயே எதற்குச் சொல்ல வேண்டும்? சொன்னதும் ஒதுக்கிவிடுவார்கள் என்று பயந்து, பள்ளி முடித்த என் பிள்ளைகள் பலர் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள்.

நோயின் பெயரைக் கேட்பது போலக் கேட்காமல், தேவையைக் கேளுங்கள். 'நேர்காணலுக்கு எது இருந்தால் உங்களுக்கு வசதி? கேள்விகளை முன்கூட்டியே அனுப்புவது, எழுத்தில் பதில் சொல்வது, கூட ஒருவர் வருவது, சத்தமில்லாத அறை.' இதை எல்லோரிடமும் கேளுங்கள். காது மந்தமானவருக்கும் திக்கிப் பேசுகிறவருக்கும் இது உதவும்.

---

அம்பை_அக்கா · வியாழன், காலை 11.45

டீச்சர், நான் இதில் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன், மன்னிக்கவும். மறைத்து உள்ளே போய், ஒரு நாள் சத்தம் தாங்காமல் அவள் மேசைக்கு அடியில் உட்கார்ந்தால் அங்கே என்ன ஆகும்? தெரிந்து எடுப்பவர் போதும் எனக்கு. கேட்க வேண்டாம், சரி. ஆனால் சொல்ல விரும்புகிறவர்களுக்கு ஓர் இடம் கொடுங்கள். அதை யார் படிப்பார்கள் என்றும் அங்கேயே எழுதுங்கள். முதலாளி மட்டுமா, தளத்துக்காரர்களுமா, எத்தனை நாள் வைத்திருப்பீர்கள்?

---

சிறப்பாசிரியர்_பேட்டை · வியாழன், பகல் 12.30

'யார் படிப்பார்கள்' என்று எழுதச் சொன்னீர்களே அக்கா, அது எனக்குத் தோன்றவில்லை. விருப்பம் இருந்தால் சொல்லலாம் என்று வைப்பதில் எனக்கு மறுப்பில்லை. இயல்பாக அது மூடியே இருக்கட்டும், தேடிப் போனால் திறக்கட்டும்.

தம்பிக்கு இன்னொன்று. சோதித்துப் பார்க்க ஆட்டிசம் உள்ளவர்களைக் கூப்பிடும்போது அவர்கள் நேரத்துக்குக் காசு கொடுங்கள். ஒருவரை வைத்து எல்லோருக்கும் முடிவு கட்டாதீர்கள். என் பிள்ளைகளில் ஒருவனுக்குப் படம் இல்லாமல் புரியாது. இன்னொருவனுக்குப் படம் இருந்தால் எழுத்தில் கண் நிற்காது. படத்தைக் காட்டவும் மறைக்கவும் ஒரு பட்டன் வையுங்கள். தமிழும் முக்கியம். 'கல்வித்தகுதியினைத் தெரிவு செய்க' என்பதைவிட 'நீங்கள் கடைசியாகப் படித்தது என்ன?' என்பது எல்லோருக்கும் புரியும்.

---

பாளை_டெவலப்பர் · ஞாயிறு, மாலை 6.15

மூன்று நாள் உட்கார்ந்து மாற்றியிருக்கிறோம். பெயருக்கு இப்போது இரண்டே கட்டம்: 'உங்கள் பெயர்', 'இனிஷியல் (இருந்தால்)'. போன் நம்பர் கட்டாயம் இல்லை. எப்படித் தொடர்பு கொள்ள வேண்டும் என்று விண்ணப்பிப்பவர்தான் தேர்ந்தெடுப்பார். மெசேஜ் மட்டும் என்று போட்டால் முதலாளிக்கு நம்பரே தெரியாது. எழுதிய வரை தானாகச் சேமித்துக்கொள்ளும், ஒரு வாரம் கழித்து வந்தாலும் அங்கிருந்தே தொடரலாம். அடையாளம் சரிபார்க்கும் பக்கத்தில் ஓடும் எண்ணை எடுத்துவிட்டோம். குறியீடு 10 நிமிடம் செல்லும், எத்தனை முறையும் புதிதாகக் கேட்கலாம். முகவரி எழுதும் இடத்தில் 'வண்ணார்பேட்டை மேம்பாலம் பக்கம்' என்று விட்டுவிட முடியாது. எந்த பஸ் நிறுத்தம், இறங்கி எந்தப் பக்கம் நடக்க வேண்டும், வாசல் எப்படி இருக்கும் என்று ஒரு போட்டோ கேட்கிறோம். நேர்காணல் அழைப்பில் 'வேறு தேதி வேண்டும்' என்ற பட்டன் இருக்கிறது, காரணம் கேட்காது.

சித்தி மகன் நேற்று மறுபடி பார்த்தான். 18 நிமிடத்தில் முடித்துவிட்டான். ஓரிடத்தில் மட்டும் நின்றான். 'மாவட்டம்' பட்டியலில் தென்காசி இல்லை. 2019இல் பிரிந்த மாவட்டம், எங்கள் பட்டியல் அதற்கும் பழையது. அவன் சொன்ன பிறகு சேர்த்தோம். அவனுக்குச் சோதனைக் கூலி 500 கொடுத்தேன். ரசீது கேட்டான், எழுதிக் கொடுத்தேன்.

வாசகன், அனுப்பிய பிறகு வரும் பக்கத்தை உங்களுக்காகவே மாற்றினேன். இப்போது இப்படி இருக்கிறது: 'உங்கள் விண்ணப்பம் அச்சகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 7 நாளுக்குள் பதில் வரும். வராவிட்டால் 8ஆம் நாள் நாங்களே உங்களுக்கு மெசேஜ் அனுப்புவோம்.' சரியாக இருக்கிறதா?

---

வீரவநல்லூர்_வாசகன் · ஞாயிறு, இரவு 7.40

கிட்டத்தட்ட சரி. இரண்டு திருத்தம்.

'7 நாள்' என்றால் இன்றும் சேர்த்தா, ஞாயிறும் சேர்த்தா என்று எண்ணிக்கொண்டே இருப்பேன். எத்தனை நாள் என்று எழுதாமல் தேதியைப் போடுங்கள், கிழமையோடு.

8ஆம் நாள் மெசேஜில் என்ன இருக்கும் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். 'அச்சகத்தார் பதில் தரவில்லை, இந்த விண்ணப்பத்தை முடித்துவிட்டோம்' என்பதுதான் செய்தி என்றால் அதையே எழுதுங்கள். தெரிந்துவிட்டால் போனைக் கீழே வைத்துவிடலாம்.

களக்காடு பக்கம் நாற்றங்கால் வேலை ஏதாவது தளத்துக்கு வந்தால் எனக்கு மெசேஜில் சொல்லுங்கள். காலை வேளை என்றால் எந்த நேரமும் சரி.